இதயச் சுவர்ல என்னதான் இருக்கு? எக்கோ ரூம்ல அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்குற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், அதுல டெக்னீஷியனா பன்னெண்டு வருஷமா வேல பாக்குறேன். நெஞ்சுல ஜெல் தடவி ப்ரோப வச்ச உடனே, ஸ்கிரீன்ல துடிக்கிறத பாத்துட்டு முக்காவாசி பேரு கேக்குற முதல் கேள்வி "அடைப்பு இருக்கா?"ன்னுதான். எக்கோல அடைப்பு நேரா தெரியாதுங்க, அடைப்பால சுவரு எந்த இடத்துல அசையாம நிக்குதுன்னுதான் தெரியும். நாள் பூரா நான் பாக்குறது அந்தச் சுவரத்தான். எத்தன மில்லிமீட்டர் தடிப்பு, நல்லா சுருங்குதா, சுத்தி தண்ணி நிக்குதா, உள்பக்கம் எதாவது ஒட்டிருக்கா, இதுதான் என் வேல. நான் டாக்டர் இல்ல, ரிப்போர்ட்ல கையெழுத்து போடுறது டாக்டர்தான், ஆனா படுத்துருக்குறவங்க பயத்தோட கேக்குற கேள்விக்கு ரெண்டு வார்த்த சொல்லாம அனுப்ப மனசு வராது. அந்த பதிலெல்லாம் கொஞ்சம் விரிவா இங்க.

மூணு லேயர்னு புக்ல இருக்கு, சில பேரு நாலுங்குறாங்க. எது சரி?

எங்கேர்ந்து எண்ண ஆரம்பிக்கிறோம்ங்குறதுதான் வித்தியாசம். சுவரு மட்டும்னா மூணு. வெளிய எபிகார்டியம், நடுவுல மயோகார்டியம், உள்ள எண்டோகார்டியம். இந்த மூணையும் சேத்து மூடிக்கிட்டு வெளிய ஒரு பை இருக்கு, அதுக்கு பேரு பெரிகார்டியம், அதையும் எண்ணுறவங்க நாலுன்னு சொல்லுவாங்க.

குழப்பம் எங்க வருதுன்னா, எபிகார்டியம் அந்தப் பையோட உள் மடிப்பும்கூட. பாதி காலியான பால் பாக்கெட்டு மேல முஷ்டிய வச்சு அமுக்கிப் பாருங்க. முஷ்டிய ஒட்டி ஒரு ஷீட்டு, அதுக்கு வெளிய இன்னொரு ஷீட்டு, நடுவுல கொஞ்சம் பால். முஷ்டிய இதயம்னு வச்சுக்கிட்டா, ஒட்டிருக்குற ஷீட்டு எபிகார்டியம், வெளி ஷீட்டு பையோட உள்பக்க சவ்வு, நடுவுல இருக்குற பாலுதான் பெரிகார்டியல் திரவம். அந்த வெளி ஷீட்டுக்கும் வெளிய சாக்கு மாதிரி கெட்டியா ஒரு நார் உறை, அது கீழ உதரவிதானத்தோட ஒட்டிக்கிட்டு இதயத்த இடத்த விட்டு நகராம புடிச்சுக்கும்.

படத்துல பாத்தா புரியல, நேர்ல எப்டி இருக்கும்?

கறிக்கடையில ஒரு ஆட்டு இதயம் வாங்கி அறுத்துப் பாத்தீங்கன்னா எந்தப் படமும் தேவையில்ல. எங்க அக்கா பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு ஞாயித்துக்கிழம காலைல "அண்ணே, கீறாம முழுசா குடுங்க"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன், பேப்பர விரிச்சு ரெண்டு பேரும் உக்காந்து அறுத்தோம்.

மேல கைய வச்சா வழுக்கும், அந்த வழவழப்புதான் எபிகார்டியம். நகத்தால கீறுனா பாலாடை மாதிரி மெல்லிசா உரியும். அதுக்கு அடியில வெள்ள வெள்ளயா கெட்டிக் கொழுப்பு, மேல் பாதியும் கீழ் பாதியும் சேருற பள்ளத்துல நெறைய இருக்கும், அந்தக் கொழுப்புக்குள்ள புதைஞ்சுதான் கரோனரி குழாய் ஓடுது. இடது பக்கத்த கத்தியால கீறுனா கத்தி இறங்கிக்கிட்டே இருக்கும், அவ்ளோ தடிப்பு. வலது பக்கம் துவண்டு தொங்கும், ஒரே இழுப்புல தொறந்துரும். அக்கா பொண்ணு அங்கயே கேட்டா, ஒரே இதயம்தான ஏன் ரெண்டு பக்கமும் வேற வேறயா இருக்குன்னு. நல்ல கேள்வி, கீழ சொல்றேன்.

உள்ள தொறந்தா இன்னும் அழகு. ஈரமா பளபளன்னு ஒரு மேற்பரப்பு, அதுதான் எண்டோகார்டியம். சின்னச் சின்ன தசைத் தூணுங்க நிக்குது, அதுலேர்ந்து வெள்ள நூலுங்க கிளம்பி வால்வு இதழ இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருக்குது. அந்த நூல இழுத்தா அறுந்தே போகாது, அக்கா பொண்ணு பலம் போட்டு இழுத்துப் பாத்தா.

ரிப்போர்ட்ல "இதயத்தை சுத்தி தண்ணி"ன்னு போட்டுருக்கு, பயப்படணுமா?

கொஞ்சம் தண்ணி எல்லாருக்கும் இருக்கும், 15-லேர்ந்து 50 மில்லி வரைக்கும் சாதாரணம். ரெண்டு சவ்வும் ஒண்ணோட ஒண்ணு உரசாம வழுக்கிக்கிட்டே இருக்கத்தான் அது. அளவு கூடும்போதுதான் கவனிக்கணும், அதுலயும் எவ்ளோ இருக்குங்குறத விட எவ்ளோ வேகமா சேந்துச்சுங்குறதுதான் முக்கியம். வெளி நார் உறை சட்டுனு விரியாது, திடீர்னு ரத்தம் கசிஞ்சு 150, 200 மில்லி சேந்தாலே இதயம் நசுங்கி பிபி இறங்கிரும். அதுவே வாரக்கணக்கா மெதுவா ஊறுச்சுன்னா உறையும் கூடவே வளந்து குடுத்து ஒரு லிட்டருக்கு மேலயே தாங்கும்.

ஒரு அம்மா, மூச்சு வாங்குதுன்னு நடந்தே வந்து படுத்தாங்க. ப்ரோப வச்சா இதயத்த சுத்தி கருப்பா அகலமா ஒரு பட்ட (எக்கோல திரவம் கருப்பாத்தான் தெரியும்), அதுக்கு நடுவுல இதயம் கிணத்துல மிதக்குற தேங்கா மாதிரி இங்கயும் அங்கயும் ஆடுது. வலது மேல் அறை சுவரு ஒவ்வொரு துடிப்புக்கும் உள்வாங்கி மடங்குது. வலது பக்கம் மெல்லிசுங்குறதால அழுத்தம் வந்தா முதல்ல மடங்குறது அதுதான், அந்த மடிப்ப பாத்ததும் நாங்க அடுத்த பேஷன்ட்ட கூப்பிட மாட்டோம், நேரா டாக்டர்ட்ட ஓடுவோம். அவங்களுக்கு அன்னைக்கே ஊசி போட்டு தண்ணிய எடுத்தாங்க, டெஸ்ட்ல டிபின்னு வந்துச்சு. நம்ம நாட்டுல இதயப் பையில தண்ணி சேந்தா டிபிய கண்டிப்பா தேடுவாங்க. கிட்னி செயலிழப்பு, தைராய்டு குறைவு, கேன்சர், வைரஸ், இதுனாலயும் சேரும்.

பை மட்டும் வீங்குனா வர்ற வலிக்கு ஒரு குணம் உண்டு, மல்லாக்க படுத்தா கூடும், எந்திரிச்சு முன்னாடி குனிஞ்சு உக்காந்தா குறையும். ஆனா இத வச்சு வீட்லயே முடிவு பண்ணாதீங்க, நெஞ்சு வலின்னா ஈசிஜி எடுத்தே ஆகணும்.

இதயத்து மேல கொழுப்பு இருக்குன்னு சொன்னீங்களே, அதுதான் அடைப்பா?

இல்லங்க, இது நெறைய பேருக்கு இருக்குற குழப்பம். எபிகார்டியத்துக்கு அடியில இருக்குற கொழுப்பு ஒல்லியா இருக்குறவங்களுக்கும் உண்டு, கரோனரி குழாய்க்கு அது மெத்த மாதிரி. அடைப்பு வர்றது குழாயோட உள்சுவத்துல, வெளிய இருக்குற இந்தக் கொழுப்புல இல்ல. ஆனா தொப்பை, சுகர் உள்ளவங்களுக்கு இந்தக் கொழுப்பும் தடிச்சுரும், இதுக்கும் தசைக்கும் நடுவுல தடுப்பே கிடையாதுங்குறதால அதுலேர்ந்து வர்ற வேதிப்பொருள் நேரா தசைக்குள்ளயும் குழாய் சுவத்துக்குள்ளயும் எறங்கும், அதான் டாக்டருங்க அதையும் கவனிக்கிறாங்க.

நடு லேயர் தசைன்னா கை தசை மாதிரிதான? ஏன் சோந்து போகல, ஏன் புடிச்சுக்கல?

எனக்கு ரொம்பப் புடிச்ச லேயர் இது. மயோகார்டியம், சுவத்தோட கிட்டத்தட்ட மொத்த தடிப்பும் இதுதான், ஒரு நாளைக்கு லட்சம் தடவ சுருங்குது.

மைக்ராஸ்கோப்புல பாத்தா கை தசை மாதிரியே குறுக்க வரிவரியா இருக்கும், ஆனா நீள நூலா இருக்காது, ஒவ்வொரு செல்லும் கிள விட்டு பக்கத்து செல்லோட கோத்துக்கிட்டு இருக்கும். கோக்குற இடத்துல ஒரு தட்டு, அதுல ரெண்டு வேல நடக்குது. ஒண்ணு, எவ்ளோ இழுத்தாலும் பிரியாத மாதிரி பொத்தான் போட்ட மாதிரி பூட்டு. இன்னொண்ணு, சின்னச் சின்ன துளை, அது வழியா மின்சாரம் ஒரு செல்லுலேர்ந்து அடுத்த செல்லுக்கு தாவும். அதனாலதான் கோடிக்கணக்கான செல் இருந்தும் ஒரே ஆளு மாதிரி சுருங்குது.

சோந்து போகாததுக்கு காரணம், செல்லோட அளவுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாதான் (செல்லுக்குள்ள சக்தி தயாரிக்குற பகுதி), எரிபொருள் வந்துகிட்டே இருக்குற வரைக்கும் ஓடும். பெரும்பாலும் கொழுப்பு அமிலத்த எரிக்குது, தேவைப்பட்டா குளுக்கோஸ், ஓடும்போது தசையிலேர்ந்து வர்ற லாக்டேட்டையும் விடாது. ஓய்வே இல்லன்னு சொல்றதும் தப்பு, நிமிஷத்துக்கு 72 துடிப்புன்னா ஒரு துடிப்புக்கு 0.8 செகண்டு, அதுல கீழ் அறைங்க சுருங்குறது 0.3 தான், மீதி நேரம் தளந்து ரத்தத்த நிரப்பிக்குது.

கெண்டக்கால் புடிச்சுக்குற மாதிரி இதயம் ஏன் புடிச்சுக்கலன்னா, ஒரு தடவ சுருங்குன செல்லு கால் செகண்டு கிட்ட அடுத்த கட்டளையையே ஏத்துக்காது. அந்த நேரத்துக்குள்ள தளர ஆரம்பிச்சுரும். இந்த ஒரு ஏற்பாடு இல்லன்னா நாம உயிரோட இருக்க முடியாது.

இன்னொண்ணும் சொல்லணும், இந்தத் தசை பம்ப் மட்டுமில்ல, சுரப்பியும்கூட. 1981-ல டி போல்ட்னு ஒரு விஞ்ஞானி எலியோட மேல் அறை தசைய அரச்சு அந்தச் சாற இன்னொரு எலிக்கு ஊசி போட்டாரு, அது உப்பையும் தண்ணியையும் சிறுநீர்ல கொட்டித் தள்ளுச்சு. சுவரு அளவுக்கு மீறி விரியும்போது "தண்ணி அதிகமாயிருச்சு, வெளியேத்து"ன்னு கிட்னிக்கு இதயமே அனுப்புற செய்தி அது. மூச்சு வாங்குதுன்னு போனா பிஎன்பின்னு ஒரு ரத்த டெஸ்ட் எழுதுறாங்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான்.

இடது பக்கம் ஏன் அவ்ளோ தடிப்பு?

அக்கா பொண்ணு கேட்ட கேள்வி. வலது கீழ் அறை பக்கத்துல இருக்குற நுரையீரலுக்குத்தான் ரத்தம் தள்ளுது, 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் (பிபி அளக்குற கணக்கு) இருந்தா போதும். இடது கீழ் அறை உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் தள்ளணும், 120 வேணும். அதான் வலது சுவரு 3-லேர்ந்து 5 மில்லிமீட்டர், இடது சுவரு 6-லேர்ந்து 10. மேல் அறைங்க ரெண்டும் கீழ இருக்குற அறைக்கே ஊத்துறதால இன்னும் மெல்லிசு. தள்ளுற ரத்தத்தோட அளவு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், அழுத்தம்தான் வேற.

ரிப்போர்ட்ல "எல்விஹெச்"னு (இடது கீழ் அறை சுவரு தடிப்பு) இருக்கு. சுவரு தடிச்சா பலம்தான?

அப்டித்தான் எங்க பெரியப்பாவும் நெனச்சாரு. பிபி மாத்திரைய "தலவலி இருந்தாதான் போடுவேன்"னு பத்து வருஷம் ஓட்டுனாரு, நான்தான் எக்கோ எடுத்தேன், 14 மில்லிமீட்டர். "பாத்தியா, கட்டுமஸ்தா இருக்கு"ன்னாரு. எனக்கு அழுகையே வந்துருச்சு.

அழுத்தத்த எதுத்து எதுத்து தள்ளுறப்ப ஒவ்வொரு செல்லும் பருக்கும், செல்லு எண்ணிக்கை கூடாது. பருத்த செல்லுக்கு ஏத்த அளவுக்கு சின்ன ரத்தக்குழாய் வளராது, நடுவுல நார்த் திசு வேற சேந்துரும். சுருங்குறதுல முதல்ல குறை தெரியாது, தளர்றதுலதான் பிரச்சன ஆரம்பிக்கும். விறைப்பான சுவரு விரியாம, ரத்தம் நிரம்ப முடியாம பின்னாடி நுரையீரல்ல தேங்கும், மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும். இதுல நல்ல செய்தி, பிபி ஒழுங்கா கட்டுக்குள்ள வந்தா இந்தத் தடிப்பு குறையும். எங்க பெரியப்பாவுக்கு ரெண்டு வருஷத்துல 14-லேர்ந்து 12 ஆச்சு. தமிழ்நாட்டுல 2021-லேர்ந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்குறாங்க, வாங்கி டப்பால போட்டு வைக்காம முழுங்குங்க, அவ்ளோதான் கேக்குறேன்.

பிபியே இல்லாம 15 மில்லிமீட்டர், அதுக்கு மேலன்னு இருந்தா அது பரம்பரையா வர்ற தசை நோயா இருக்கலாம், அப்ப கூடப்பொறந்தவங்க, புள்ளைங்க எல்லாருக்கும் எக்கோ எடுக்கச் சொல்லுவாங்க, மறுக்காதீங்க. விளையாட்டு வீரர்களுக்கும் கொஞ்சம் தடிக்கும், ஆனா அவங்களுக்கு அறையும் சேந்து பெருசாகும், நல்லா தளரவும் செய்யும்.

ஈஎஃப் 60ன்னு இருக்கு, மீதி 40 வேல செய்யலையா?

வாரத்துக்கு பத்து பேராவது கேப்பாங்க, பரீட்ச மார்க்கு மாதிரி 100 வரணும்னு நெனச்சு பயந்துருவாங்க. இடது கீழ் அறையில நிரம்பியிருக்குற ரத்தத்துல ஒரு துடிப்புக்கு எத்தன சதவீதம் வெளிய போகுதுங்குறதுதான் ஈஎஃப். 55-க்கு மேல இருந்தா சாதாரணம், 100 யாருக்குமே வராது.

இதுல ஒரு அதிசயம் இருக்கு. ஒவ்வொரு தசை செல்லும் தன் நீளத்துல 15 சதவீதம் போலத்தான் குறுகுது, ஆனா வெளிய போறது 60 சதவீதம். எப்டின்னா, தசை நாரு ஒரே திசையில அடுக்கல. வெளிப்பக்க நாரு ஒரு சாய்வுல, நடுவுல இருக்குறது படுக்கையா வளையம் மாதிரி, உள்பக்க நாரு எதிர் சாய்வுல. மூணும் சேந்து சுருங்கும்போது மேல் பக்கம் ஒரு திசையில, நுனி எதிர் திசையில திரும்பும், கூடவே சுவரு உள்நோக்கி தடிக்கும். ஈர வேட்டிய ரெண்டு கையால முறுக்கிப் பிழியிறோமே, அதேதான். வெறும் கையால அமுக்குனா வர்ற தண்ணிய விட முறுக்குனா எவ்ளோ வருதுன்னு துவைக்கிறவங்களுக்குத் தெரியும். பிழிஞ்ச வேட்டி கைய விட்டதும் தானா பிரியுற மாதிரி, தளரும்போதும் இந்த முறுக்கு பிரிஞ்சு ரத்தத்த உள்ள இழுக்கும்.

உள் லேயர் அவ்ளோ மெல்லிசா இருக்கே, அதுக்கு என்ன வேல?

மொத வேல, ரத்தத்த உறைய விடாம பாத்துக்குறது. ரத்தம் நம்ம ஒடம்புல வேற எதத் தொட்டாலும் உறையப் பாக்கும், இந்த ஒத்த வரிசை செல்லு மேல மட்டும் உறையாம ஓடும், இதே செல்லு வரிசைதான் ரத்தக்குழாய் பூரா தொடருது. இதயத்துல அது அடிபட்டா, இல்ல அதுக்குப் பின்னாடி தசை அசையாம நின்னா, ரத்தம் தேங்கி அங்க கட்டி புடிக்கும். பெரிய அட்டாக் வந்தவங்களுக்கு நுனியில கட்டி இருக்கான்னு நாங்க திரும்பத் திரும்பப் பாக்குறது அதுக்குத்தான், அது பிச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம்.

ரெண்டாவது, வால்வு. இந்த உள்சவ்வே மடிஞ்சு, நடுவுல நார்த் திசு வச்சுத்தான் வால்வு இதழ் ஆகியிருக்கு. அதனால எண்டோகார்டியத்துல கிருமி தொத்துனா பெரும்பாலும் வால்வுலதான் உக்காரும், செயற்கை வால்வு இருக்குறவங்களுக்கும், ஏற்கனவே இந்தத் தொற்று வந்தவங்களுக்கும் பல்லு புடுங்குறதுக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் குடுக்குறது இதுக்காக. வால்வு மாத்தியிருந்தா பல் டாக்டர்ட்ட மொதல்ல அதச் சொல்லுங்க.

மூணாவது, ஒயரிங். 1839-ல புர்க்கின்யேன்னு ஒரு செக் நாட்டு விஞ்ஞானி ஆட்டு இதயத்தோட உள்பக்கத்துல, சவ்வுக்கு அடியில சாம்பல் நிறத்துல வல மாதிரி இழை ஓடுறத பாத்தாரு, எதுக்குன்னு அவருக்குப் புடிபடல. ஜெர்மனிக்கு படிக்கப் போன ஜப்பான்காரர் சுனாவோ தவாரா 1906-ல, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற முடிச்ச கண்டுபுடிச்சு, அங்கேர்ந்து கிளம்புற கம்பிதான் இந்த வலையா பிரியுதுன்னு முழுசா தொடுத்துக் காட்டுனாரு. சாதாரண தசையில மின்சாரம் செகண்டுக்கு அரை மீட்டர் போலத்தான் போகும், இந்த இழையில 2-லேர்ந்து 4 மீட்டர். உள்பக்கம் பூரா ஒரே நேரத்துல செய்தி போய்ச் சேந்து, அங்கேர்ந்து வெளிப்பக்கமா சுருக்கம் பரவும்.

மாரடைப்புல மூணு லேயரும் ஒண்ணா செத்துருமா?

இல்ல. எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நான் ஆசப்படுற பதில் இதுதான்.

கரோனரி குழாய் ஓடுறது வெளிப்பக்கம், எபிகார்டியத்துல. அங்கேர்ந்து சின்னக் கிளைங்க தசைய துளைச்சுக்கிட்டு உள்நோக்கி எறங்கும். கால்வாயோட கடைமடை மாதிரி, உள்பக்கத் தசைக்குத்தான் கடைசியா ரத்தம் போகும். அது போக, சுருங்கும்போது அழுத்தம் அதிகம் விழுறதும் உள்பக்கம்தான், அந்த நேரத்துல குழாய் நசுங்கி ரத்தமே போகாது, இடது கீழ் அறைக்கு ரத்தம் பெரும்பாலும் தளர்ற நேரத்துலதான் கிடைக்குது. அதுலயும் இதயத் தசை வர்ற ஆக்சிஜன்ல 70 சதவீதத்துக்கு மேல ஏற்கனவே எடுத்துக்குது, மிச்சம் வச்சு சமாளிக்க வழியில்ல.

அதனால மேல மடைய அடைச்சா கடைமடை முதல்ல காயுற மாதிரி, குழாய் அடைஞ்சா உள்பக்கத் தசைதான் முதல்ல சாகும். 1977-ல ரெய்மர், ஜென்னிங்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க நாயோட கரோனரி குழாய கட்டி வச்சு, ஒண்ணுக்கு 40 நிமிஷத்துல, இன்னொண்ணுக்கு 3 மணி நேரத்துல, இன்னொண்ணுக்கு 6 மணி நேரத்துலன்னு அவுத்து விட்டுப் பாத்தாங்க. 40 நிமிஷத்துல உள்பக்கம் மட்டும் செத்துருந்துச்சு, நேரம் ஆக ஆக சாவு அல மாதிரி வெளிப்பக்கத்துக்கு பரவிக்கிட்டே போச்சு. (அறைக்குள்ள இருக்குற ரத்தத்துலேர்ந்தே நேரா ஊறுறதால எண்டோகார்டியத்த ஒட்டின ஒண்ணு ரெண்டு செல்லு வரிசை மட்டும் தப்பிச்சுக்கும்.)

புரியுதுங்களா, நெஞ்சு வலிய கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சு, இஞ்சி மென்னு, மகன் வேல முடிஞ்சு வரட்டும்னு காத்திருக்குற அந்த ரெண்டு மணி நேரத்துல, உள்ளேர்ந்து வெளிய மில்லிமீட்டர் மில்லிமீட்டரா போய்க்கிட்டு இருக்கு. வெளிப்பக்கப் பாதி அப்பவும் உயிரோட காத்துக்கிட்டு இருக்கும். அடுத்த நாள் எக்கோக்கு என்கிட்ட வரும்போது, சீக்கிரம் வந்தவங்களுக்கு அந்த இடம் கொஞ்சம் மந்தமா இருந்தாலும் தடிக்கும், லேட்டா வந்தவங்களுக்கு கார்ட்போர்டு அட்ட மாதிரி அசையாம நிக்கும். அந்த வித்தியாசத்த பன்னெண்டு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன்.

பெரிய ஆஸ்பத்திரில வந்ததுலேர்ந்து 90 நிமிஷத்துக்குள்ள குழாய தொறக்கணும்னு வச்சுக்கிறாங்க. தூரமா இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காவது போங்க, 2023-ல ஆரம்பிச்ச இதயம் காப்போம் திட்டத்துல ரத்தக்கட்டிய தடுக்குற முதல் டோஸ் மாத்திரைய அங்கயே குடுத்து அனுப்புறாங்க. 108-க்கு அடிங்க, பைக்குல பின்னாடி உக்கார வச்சு கூட்டிட்டுப் போகாதீங்க.

செத்த தசை திரும்ப வளருமா?

அந்த இடத்துல தழும்புதான் வரும், ஒண்ணரை ரெண்டு மாசத்துல கெட்டியாகும். முதல் வாரம் செத்த தசைய ஒடம்பே அரிச்சு எடுக்குற நேரம், சுவரு அப்பதான் ரொம்ப இளகி இருக்கும், "வலி போச்சு, வீட்டுக்குப் போறேன்"னு சண்ட போடாம படுத்திருங்க.

இதயத் தசை செல்லு புதுசா பொறக்கவே பொறக்காதுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 1950, 60-கள்ல நடந்த அணுகுண்டு சோதனையால காத்துல கார்பன்-14 கூடுச்சு, அப்பறம் கொறஞ்சுகிட்டே வந்துச்சு, அத வச்சு ஒரு செல்லு எந்த வருஷம் உருவாச்சுன்னு கணக்கு போடலாம். சுவீடன்ல ஃப்ரீசன் குழு 2009-ல இப்டி கணக்கு போட்டுப் பாத்தா, 25 வயசுல வருஷத்துக்கு நூத்துல ஒரு செல்லு புதுசாகுது, 75 வயசுல அதுல பாதிகூட இல்ல. இருக்கு, ஆனா அட்டாக்க ஈடு கட்ட பத்தாது.

எம்ஆர்ஐ எடுத்துட்டு "அட்டாக் இல்ல, மயோகார்டைடிஸ்"னு (இதயத் தசை வீக்கம்) சொன்னாங்க, எப்டி கண்டுபுடிக்கிறாங்க?

எந்த லேயர்ல வெள்ளயா மின்னுதுன்னு பாத்துத்தான். மருந்து ஏத்தி படம் எடுத்தா அடிபட்ட திசு மின்னும். அடைப்பால வந்ததுன்னா உள்பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கும், காரணம் மேல சொன்ன கடைமடைதான். வைரஸ் மாதிரி வேற காரணத்தால தசை வீங்குனா உள்பக்கத்த விட்டுட்டு வெளிப்பக்கத்துலயோ நடுவுலயோ திட்டுத் திட்டா மின்னும். ட்ரோபோனின் (இதயத் தசை அடிபட்டா ரத்தத்துல கசியுற புரதம்) ரெண்டுலயும் கூடும், வலியும் ஒரே மாதிரி இருக்கும், லேயர்தான் காட்டிக் குடுக்கும்.

மூணு லேயரையும் ஒண்ணா தாக்குற நோய் இருக்கா?

இருக்கு, ருமாட்டிக் காய்ச்சல். பள்ளிக்கூட வயசு புள்ளைங்களுக்கு தொண்டையில ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து, ரெண்டு மூணு வாரம் கழிச்சு ஒடம்போட எதிர்ப்பு சக்தியே தடம் மாறி இதயத்த தாக்குது. பை, தசை, உள்சவ்வு மூணும் வீங்கும், முதல் ரெண்டும் பெரும்பாலும் ஆறிரும், வால்வுல மட்டும் தழும்பு நின்னுரும், இடது மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற மைட்ரல் வால்வு சுருங்கிப் போய் இருபத்தஞ்சு வயசுல, பல நேரம் கர்ப்பமா இருக்கும்போது, மூச்சு வாங்கி என்கிட்ட வருவாங்க. மூட்ட நக்கிட்டு இதயத்த கடிக்கும்னு டாக்டருங்க மத்தியில ஒரு பழைய பேச்சு உண்டு, மூட்டுவலி வந்து ஆறிரும், இதயத்துல பழுது நிக்கும்னு அர்த்தம். 21 நாளைக்கு ஒரு தடவ பென்சிலின் ஊசின்னு சொல்லியிருந்தா ஒரு ஊசியகூட விடாதீங்க.

உள்சவ்வ மட்டும் குறிவச்சு தாக்குற ஒரு நோயும் நம்ம பக்கத்துல இருந்துச்சு. எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ், உள்பக்கம் தடிச்சு தோல் மாதிரி ஆயி அறையையே அடைச்சுரும். உகாண்டாலயும் கேரளாலயும் ஏழைங்களுக்கு அதிகமா வந்துச்சு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் இன்ஸ்டிட்யூட்ல வலியத்தான் குழு, மண்ணுல இருக்குற சீரியமும் சாப்பாட்டுல மெக்னீசியம் குறைவும் சேந்து காரணமா இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்ணாங்க, முடிவா நிரூபணமாகல. இப்ப கேரளால ரொம்ப கொறஞ்சுருச்சு.

பைபாஸ் பண்ணும்போது பைய கிழிச்சுருவாங்களாமே, அது இல்லாம இருக்க முடியுமா?

முடியும். ஆபரேஷன் முடிஞ்சு பல நேரம் பைய முழுசா தச்சு மூட மாட்டாங்க, பொறக்கும்போதே பை இல்லாம பொறந்து நல்லா வாழ்றவங்களும் இருக்காங்க. அதுலேர்ந்து ஒரு துண்டு வெட்டி ஓட்டை அடைக்கிறதும் உண்டு. காலு வழியா கம்பி விட்டு மாத்துற வால்வுலயும் பெரும்பாலும் இதழ் எதுல செய்றாங்க தெரியுமா, மாட்டோட பெரிகார்டியத்துல. அவ்ளோ உறுதியான திசு.

குழந்தைக்கு சுவத்துல ஓட்டைன்னு சொல்லிட்டாங்க, சத்தம் வேற பெருசா கேக்குதாம்.

அழுதுகிட்டே வர்ற அம்மாக்கள்ட்ட நான் முதல்ல சொல்றது, சத்தத்த வச்சு பயப்படாதீங்கம்மா. ரெண்டு கீழ் அறைக்கும் நடுவுல இருக்குற சுவத்துல ஓட்டைன்னா, அது சின்னதா இருந்தாத்தான் சத்தம் ஜாஸ்தி, ஹோஸ் பைப் வாய விரலால பாதி அடைச்சா எப்டி சீறும், அந்த மாதிரி. தசைப் பகுதியில இருக்குற சின்ன ஓட்டைன்னா, புள்ள வளர வளர தசையும் தடிச்சு நெறைய பேருக்கு ரெண்டு மூணு வயசுக்குள்ள தானா மூடிக்கும். வால்வுக்கு கீழ சவ்வுப் பகுதியில இருந்தா மூடுறதும் உண்டு, மூடாம நிக்கிறதும் உண்டு, அதான் விடாம வரச் சொல்றது. அடுத்த தடவ சத்தமே கேக்கலன்னா சந்தோஷப்பட்டு வராம இருந்துராதீங்க. ஓட்டை மூடியிருந்தாலும் சத்தம் நிக்கும், பெரிய ஓட்டையால நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறிப்போயிருந்தாலும் நிக்கும், எதுன்னு எக்கோல கலர் போட்டு (ரத்தம் ஓடுற பாதைய கலர்ல காட்டும்) பாத்தாதான் சொல்ல முடியும்.